பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் மாப்பிள்ளையிடம் கணக்குக் கேட்டேன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. கல்யாண வீடுகளில் யாராவது அதை எடுத்துவிடுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். நான் கேட்டது உண்மைதான். அவரைச் சோதித்துப் பார்க்கக் கேட்டதாகச் சொல்வது மட்டும் உண்மையில்லை. எனக்கு விடை தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அப்போது நாங்கள் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா டிப்போவில் பிட்டர். வீட்டில் நான் மூத்தவள், எனக்குக் கீழே ஐந்து பேர். ஏழாம் வகுப்புவரை கான்வென்ட்டில் படித்தேன். எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் ஐரிஷ்காரர். கையில் எப்போதும் சுண்ணாம்புக் கட்டி இருக்கும், கறுப்பு அங்கியெல்லாம் வெள்ளைத் தூளாக இருக்கும். ஒரு நாள் நல்ல மழை. ஆறு பெருகி, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. பாதி வகுப்பை வைத்துக்கொண்டு பாடம் நடத்த மனமில்லாமல் சிஸ்டர் கரும்பலகையில் ஒன்று என்ற இலக்கத்தையே அடுத்தடுத்து எழுத ஆரம்பித்தார்.

பதினொன்று. அது எதனாலும் வகுபடாது. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மிச்சமின்றி வகுக்க முடியாத எண்ணை இப்போது தமிழில் பகா எண் என்கிறார்கள். நாங்கள் பிரைம் என்போம். அடுத்து நூற்றுப் பதினொன்று. அது மூன்றையும் முப்பத்தேழையும் பெருக்கினால் வருவது. 1111 என்பது 11-ம் 101-ம். 11111 கொஞ்சம் அடம்பிடித்தது. கடைசியில் 41, 271 என்று இரண்டாகப் பிரிந்தது. ஆறு ஒன்று எழுதியபோதோ பழுத்த பலாப்பழம்போலக் கை வைத்த இடமெல்லாம் பிளந்தது. மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தேழு என்று ஐந்து சுளை. எங்களுக்கு ஒரே சிரிப்பு.

ஏழாவது ஒன்றையும் எழுதிவிட்டுச் சிஸ்டர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இது எனக்குத் தெரியாது" என்றார்.

ஓர் ஆசிரியர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சிஸ்டர் அதை ஆங்கிலத்தில் ஒரு மில்லியன் என்று தொடங்கிப் படித்தார். வீட்டுக்கு வந்து தமிழில் சொல்லிப் பார்த்தேன். பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. வாயில் வைத்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. அம்மாவுக்கு ஆறாவது பிரசவம், வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டும். நான் அழுததாக ஞாபகம் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஆனால் அந்த எண் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அடுப்படிச் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் வகுத்துப் பார்ப்பேன். எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை, பிரைம் எண்களால் வகுத்தால் போதும். அவற்றையும் 1054 வரைதான் பார்க்க வேண்டும். ஏனென்றால் 1054-க்கு மேற்பட்ட இரண்டு எண்களைப் பெருக்கினால் அது நம் எண்ணைத் தாண்டிவிடும். இரண்டில் ஒன்றாவது கீழே இருந்தாக வேண்டும். இது சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது. மூன்றால் வகுத்தால் மிச்சம் ஒன்று. ஏழால் வகுத்தாலும் ஒன்று. பதினொன்று, பதின்மூன்று எதை எடுத்தாலும் அதே ஒன்று. கொஞ்ச நாள் இது எனக்குப் பெரிய மாயமாக இருந்தது. பிறகு விளங்கியது. ஆறு ஒன்றை மிச்சமில்லாமல் பிளந்த அதே எண்கள்தாம் இவை. ஆறுக்குப் பக்கத்தில் ஏழாவதாகப் போய் நின்ற ஒன்றை அவற்றால் எதுவும் செய்ய முடியவில்லை. பதினேழுக்கு மிச்சம் எட்டு, பத்தொன்பதுக்குப் பத்து. சோறு கொதித்து வழியும், தரையைத் துடைத்துவிட்டு எழுந்துகொள்வேன். மறுநாள் அடுத்த எண்.

பெண் பார்க்க வந்தவர் கிள்ளானில் ஒரு ரப்பர் வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா. தாய் தகப்பன் இந்தியாவில், ஊரில். இங்கே அவருக்கு மூத்த அக்கா ஒருவர்தான். அக்காவின் கணவர் கிள்ளான் ஸ்டேஷனில் வேலையில் இருந்ததால் அக்காவுக்கு ரயில் பாஸ் உண்டு. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் பாசாருக்குப் போவதுபோலப் போய் வருவார். அவர்தான் அன்று பேச்சையெல்லாம் நடத்தினார்.

"பொண்ணு கான்வென்ட்ல படிச்சதாமே. ஏதாச்சும் கேளேன்டா தம்பி. ஊமை மாதிரி உக்காந்திருக்கியே" என்றார்.

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்காமலே, "கணக்கெல்லாம் வருமா?" என்றார்.

"வரும். ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்னும் முடியல."

"என்னது?"

"ஏழு ஒண்ணு வரிசையா எழுதுனா வர்ற எண்ணு எதாலயாவது வகுபடுமா? எங்க சிஸ்டருக்கும் தெரியல."

அப்பா தொண்டையைக் கனைத்தார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தாள். அவர் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் வேட்டியின் தொடைப்பக்கத்தில் ஆள்காட்டி விரலால் என்னவோ எழுத ஆரம்பித்தார். தட்டில் வைத்த பலகாரம் அப்படியே இருந்தது. எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

அடுத்த மாதம் அவர் அக்கா வந்து சம்மதம் சொன்னார். சொல்லிவிட்டு, என்னைப் பின்கட்டுக்கு அழைத்து, சுற்றும்முற்றும் பார்த்து, ரகசியம்போலச் சொன்னார். "தம்பி சொல்லச் சொன்னான். நூறு வரைக்கும் எதுவும் போகலயாம். என்ன எழவோ எனக்குத் தெரியாது. மறக்காம சொல்லணும்னான், சொல்லிட்டேன்."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நூறை நான் எப்போதோ தாண்டியிருந்தேன். "நான் இருநூத்தி முப்பத்தொம்பது வரைக்கும் வந்துட்டேன்னு சொல்லுங்க அண்ணி. இனிமே அவரைப் பார்க்கச் சொல்லுங்க" என்றேன்.

"இருநூத்தி முப்பத்தொம்பது" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பேசிக்க வேற ஒண்ணுமே கிடைக்கலயா?"

அதன் பிறகு வீட்டில் கல்யாண வேலை, தம்பி தங்கைகளுக்கு அம்மை என்று வரிசையாக வந்தது. நான் வகுப்பதை நிறுத்திவிட்டேன். கணக்கு அவர் கைக்குப் போய்விட்டது என்ற நிம்மதி. அண்ணி வரும்போதெல்லாம் ஓர் எண் வரும். முந்நூறு தாண்டியாச்சாம். நானூறுக்குப் போயாச்சாம்.

அந்தச் சமயத்தில்தான் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். பெட்டி படுக்கையோடு குடும்பம் குடும்பமாகக் கப்பலேற ஆட்கள் எங்கள் ஸ்டேஷன் வழியாகப் போவார்கள். டிப்போவிலும் ஆள் குறைப்பு என்று பேச்சு வந்து அப்பா இரவு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். ஒரு நாள் அண்ணி வந்தார். வழக்கமான சத்தமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடையிலேயே நின்றார்.

"தம்பிக்கு வேலை போயிருச்சு அண்ணே" என்றார் அப்பாவிடம். "ஒளிச்சு வச்சுக் கல்யாணம் பண்ண வேணாம், போய்ச் சொல்லிட்டு வந்துருன்னு அவன்தான் அனுப்புனான். நீங்க வேற இடம் பாக்கறதா இருந்தா பாருங்க. நாங்க தப்பா நினைக்க மாட்டோம்."

"யோசிச்சுச் சொல்றோம்மா" என்றார் அப்பா. அந்தக் குரலிலேயே பதில் இருந்தது.

அண்ணி பின்கட்டுக் குழாயில் முகம் கழுவப் போனார். நான் துண்டோடு பின்னால் போனேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஐநூறு முடிச்சிட்டானாம்" என்றார். "வேலை தேடுடான்னா, தேடிட்டு வந்து கணக்குப் போடுறான். மேல போய்க்கிட்டே இருக்கேன்னு சொல்லச் சொன்னான்."

அன்று மாலை அப்பாவிடம் போய் நான் காத்திருக்கிறேன் என்றேன். அதுவரை அவர் எதிரே நின்று நான் எதுவும் கேட்டதில்லை.

"வேலையில்லாதவனுக்கா? எத்தனை நாளைக்கு?"

"கிடைக்கிற வரைக்கும்."

அப்பா என்னோடு பேசுவதை விட்டார். அந்தச் சின்ன வீட்டில் பேசாமலிருப்பது பெரிய தண்டனை. எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோரம் ஒதுங்க வேண்டும். முடிவில் அம்மாதான் பேசினாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, சாதாரணமாக, "வேலை போனதை மறைக்காம ஆளனுப்பிச் சொல்லியிருக்கான். அந்த மாதிரி ஒருத்தனை இனிமே எங்க போய்த் தேடுவீங்க?" என்றாள். அதன்பின் அப்பா வேறு இடம் பார்க்கவில்லை.

மாப்பிள்ளைக்குக் கேரித் தீவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இரண்டாம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேல். துரைக்கு எழுத்து வேலை, காலையில் ஆட்களை நிறுத்தும் பெரட்டில் எண்ணிக்கை எடுப்பது, ரப்பர் பால் நிறுப்பது எல்லாம் கிராணி வேலை. எங்கள் கல்யாணம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் நடந்தது. மேளம் கிடையாது. மறுநாள் ரயிலில் கிள்ளான், அங்கிருந்து லாரியில் ஆற்றங்கரைத் துறை, துறையிலிருந்து ஒரு சீனக் கிழவரின் சம்பான் படகில் தீவு.

தீவு என்றால் நான் மணலும் அலையுமாக நினைத்திருந்தேன். சேறும் வாய்க்காலும் வரப்புமாகக் கிடந்தது. கடல் நீர் உள்ளே வராமல் கட்டிய மண்கரைக்கு உட்புறம் ரப்பர் பால்மரம், மரத்துக்குக் கீழே நிழல், நிழலில் கொசு. எங்களுக்குக் கால் வைத்துக் கட்டிய பலகை வீடு. பக்கத்தில் ஒரே ஒரு வீடு, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸருடையது. மற்றவர்கள் எல்லாரும் தூரத்து லயங்களில், வரிசை வீடுகளில். பேச ஆளில்லாமல் முதல் மாதம் மூச்சு முட்டியது.

அப்போது அந்த எண் எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தது. அவர் வேலை முடிந்து வந்து குளித்துத் தேநீர் குடித்ததும் இரண்டு சிலேட்டை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கோர் எண். போட்டு முடித்ததும் மாற்றிக்கொண்டு ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்ப்போம். 643-க்கு வந்தபோது அவர் சட்டென்று எழுந்தேவிட்டார். கடைசி வரியில் மிச்சம் ஏழுதான். "கிட்ட வந்துட்டோம்" என்றார். அப்படிக் கிட்ட வருவது என்று ஒன்று இல்லை, மிச்சம் ஏழும் மிச்சம் அறுநூறும் ஒன்றுதான் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அன்று வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசி எண் 1051. மிச்சம் 204. அவ்வளவுதான். இனி வகுக்க எண் இல்லை. ஏழு ஒன்று எதனாலும் வகுபடாது என்று முடிவு செய்தோம். நான் பாயசம் வைத்தேன். அவர் டிரஸ்ஸர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் எடுத்துப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம் கிராணியாரே" என்றாராம் டிரஸ்ஸர். "இதுனால கொசு போயிருமா?"

இரண்டு மழைக்காலம் அந்த நம்பிக்கையோடு இருந்தோம். அது எங்கள் சொத்து. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை நாங்கள் இருவருமே கண்டுபிடித்தோம் என்று நினைத்தோம். எத்தனையோ தேசத்தில் எத்தனையோ பேர் அதை எப்போதோ வகுத்துப் பார்த்திருப்பார்கள் என்பது எங்களுக்குத் தோன்றக்கூட இல்லை.

மூன்றாம் மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது நான் ஐந்து மாதம். நடுக்கம் வரும்போது கட்டில் பலகையே ஆடும். டிரஸ்ஸர் மலேரியாவுக்குக் கொயினா கொடுத்துப் பார்த்தார். ஒரு காலையில் என்னைச் சாக்குத் தூளியில் வைத்து நான்கு பேர் துறைக்குத் தூக்கிப் போனார்கள். கிள்ளான் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கியது. வயிற்றில் இருந்தது தங்கவில்லை. ஆண் பிள்ளை என்று அண்ணி பிறகு சொன்னார். நான் பார்க்கவில்லை.

உடம்பு தேற அண்ணி வீட்டில் இருந்தேன். என் கணவருக்கு லீவு கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மாலையே திரும்பிவிடுவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மழை எப்படி, பால் எப்படி என்று பேசுவார். பிள்ளையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வந்து ஆறுதல் சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்வாள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். கொயினாவால் என் காதில் வண்டு குடைவதுபோல ஒரே இரைச்சல். பாதி கேட்காதது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

அண்ணியிடம் ஒரு சிலேட்டு கேட்டேன். எழுந்து நடக்க முடியாதவளுக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கித் தந்தார்.

ஏழு ஒன்றை நான் தொடவில்லை. அது முடிந்துபோன விஷயம். வேறு ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டேன். இரண்டையும் ஐந்தையும் விட்டு, மற்றப் பிரைம் எண்களால் ஒன்றை வகுத்துக்கொண்டே போவது. மிச்சத்துக்குப் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து மறுபடி வகுப்பது, அதன் மிச்சத்துக்கு இன்னொரு பூஜ்யம். முடிவே வராது, ஆனால் ஒரு கட்டத்தில் மிச்சம் மறுபடி ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு வந்த இலக்கங்களே வரிசை மாறாமல் திரும்ப வரும். முப்பத்தேழால் வகுத்தால் மூன்று இலக்கத்தில் ஒன்று திரும்பிவிடுகிறது. நாற்பத்தொன்றுக்கு ஐந்து. பதினேழு போன்ற சில எண்கள் இழுத்துக்கொண்டே போகும். பத்து இலக்கத்துக்குள் திரும்பாவிட்டால் நான் விட்டுவிடுவேன், அதற்குமேல் கை வலிக்கும்.

இதில் ஒன்றைக் கவனித்தேன். மூன்று இலக்கத்தில் திரும்பிய முப்பத்தேழு மூன்று ஒன்றை வகுக்கும் எண். ஐந்தில் திரும்பிய நாற்பத்தொன்று ஐந்து ஒன்றை வகுக்கும் எண். அது ஏன் என்று ஒரு பகல் முழுதும் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். மூன்று பூஜ்யம் சேர்த்தபின் மிச்சம் ஒன்று என்றால், ஆயிரத்தில் ஒன்று மிச்சம். அப்படியானால் 999 மிச்சமின்றி வகுபடும். 999 என்பது ஒன்பது தடவை 111. விளங்கியதும் எனக்கு எழுந்து உட்கார வேண்டும்போல இருந்தது. அப்படியென்றால் ஏழு இலக்கத்தில் திரும்பும் சின்ன எண் எதுவும் இருக்கவே முடியாது, ஏழு ஒன்றுதான் வகுபடாதே என்றும் நினைத்துக்கொண்டேன். அதுவரை போட்டதில் ஏழில் திரும்பிய எண் எதுவும் வராததால், எங்கள் கண்டுபிடிப்புக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி கிடைத்ததில் திருப்தியாக இருந்தது.

எண்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பகல் 239-க்கு வந்தேன். பத்து, நூறு, இரண்டிலும் போகாது. ஆயிரத்தில் நான்கு தடவை, மிச்சம் 44. 440-இல் ஒரு தடவை, மிச்சம் 201. 2010-இல் எட்டு, மிச்சம் 98. 980-இல் நான்கு, மிச்சம் 24. 240-இல் ஒரு தடவை.

மிச்சம் ஒன்று.

விரல் விட்டு எண்ணினேன். ஏழு இலக்கம். எங்கோ தப்பு என்று சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே ஏழு. பிறகு, பயந்துகொண்டே, ஏழு ஒன்றை எழுதி 239-ஆல் நேராக வகுத்தேன். 4649 என்று வந்து, கீழே ஒன்றுமில்லாமல் நின்றது.

முதலில், இத்தனை நாள் பொய்யையா சொல்லிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் நிலைக்கவில்லை. சிலேட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிஸ்டருக்கும் தெரியாதது. எத்தனை கரித்துண்டு, எத்தனை தரை. அது இவ்வளவு சாதுவாகப் பிரிந்து கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பசித்தது. காய்ச்சல் வந்த நாளிலிருந்து பசி என்று ஒன்றை நான் அறியவில்லை. அண்ணியைக் கூப்பிட்டுச் சோறு கேட்டேன். அவர் கரண்டியும் கையுமாக வாசலில் நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு வழக்கம்போல மழையைப் பற்றி ஆரம்பித்தார்.

"ஏங்க, ஏழு ஒண்ணு வகுபடுது" என்றேன்.

காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நான் சிலேட்டை அவர் மடியில் வைத்தேன். அவர் என் கணக்கைப் பார்க்கவில்லை. அடியில் தானாக 4649-ஐ எழுதி 239-ஆல் பெருக்கினார். ஏழு ஒன்று வந்தது.

"இருநூத்தி முப்பத்தொம்பதா?" என்றார். "அது நீ போட்டதாச்சே."

"நானா? நீங்கதானே அதுலேருந்து ஆரம்பிச்சீங்க?"

"இல்லையே. முப்பத்தொம்பது வரைக்கும் நீ முடிச்சிட்டேன்னு அக்கா வந்து சொன்னா. நான் இருநூத்தி நாப்பத்தொண்ணுலதான் ஆரம்பிச்சேன்."

"நான் முடிச்சேன்னு சொல்லலீங்க. வரைக்கும் வந்துட்டேன்னு சொன்னேன். அன்னிக்குக் காலையில இருநூத்தி முப்பத்தி மூணு போட்டேன். அடுத்தது அதுதான், போடணும்."

"வரைக்கும்னா அதையும் சேத்துத்தானே?"

"ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டேன்னா ஸ்டேஷனைத் தாண்டிட்டேன்னா அர்த்தம்?"

அடுப்படியிலிருந்து அண்ணி வந்துவிட்டார். "என்னை எதுக்கு இழுக்கறீங்க? இவ சொன்னதைச் சொன்னபடியே வந்து சொன்னேன். வரைக்கும்னுதான் சொன்னா, வரைக்கும்னுதான் சொன்னேன். ரயில்ல கிள்ளான் வர்ற மட்டும் அந்த எழவு நம்பரைச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். மறந்துறக் கூடாதேன்னு பக்கத்துல இருந்த மலாய்க்காரம்மாகிட்டகூட வாய் திறக்கல!"

என் கணவர் முதலில் சிரித்தார். பிறகு நான். சிரித்தால் வயிறு வலித்தது, பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணிக்குக் கோபம். அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு வந்தது.

சிரித்து ஓய்ந்தபின் அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டை எடுக்காமலே பேசினார். "எங்க விட்டோம், எங்க விட்டோம்னு அதையேதான் யோசிச்சிட்டிருக்கேன். மொத நாள் நடுக்கம் வந்தப்பவே உன்னை இங்க கொண்டாந்திருக்கணுமோ. அந்தத் தீவுக்கே கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதோ. பெரட்டுல நின்னு ஆள் எண்ணறப்பகூட அதேதான்."

அவர் அப்படி யோசிப்பார் என்று எனக்குத் தெரியாது. மழையைப் பற்றியும் பாலைப் பற்றியும் பேசுகிறாரே, ஆண்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் ஆறிவிடும்போல என்று நினைத்திருந்தேன்.

"இதுல எங்க விட்டோம்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன். "அதுல தெரியாதுங்க. எத்தனை தடவை முதல்லேருந்து போட்டாலும் தெரியாது."

அவர் தலையை ஆட்டினார். அண்ணி உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்து மூன்று பேருக்கும் காப்பி கொண்டுவந்தார். நாங்கள் முதன்முதலாகப் பிள்ளையைப் பற்றிப் பேசினோம். யார் சாயலாக இருந்தான் என்று அண்ணி சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். கேட்க முடிந்தது.

போவதற்கு முன் இன்னொன்றும் பார்த்தோம். 239 பிரைம். ஆனால் 4649? அது இன்னும் உடையுமா? அதன் பங்குக்கு அறுபத்தேழு வரை வகுத்துப் பார்த்தால் போதும். "அறுபத்தேழையும் சேர்த்து" என்று அவர் அழுத்திச் சொன்னார். ஒன்றும் போகவில்லை. ஏழு ஒன்று இரண்டே துண்டு, அதற்குமேல் இல்லை. அதற்குள் துறைக்குப் போகும் கடைசி லாரி போய்விட்டது. ஸ்டேஷன் நண்பர் ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு மழையில் துறைக்கு மிதித்துப் போனார்.

அடுத்த வாரங்களில் அண்ணி என்னிடம் பெருக்கல் கற்றுக்கொண்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலக்கம் மட்டும் ரயில் டிக்கெட்டைப் பார்த்துப் பழக்கம். "நான் சுமந்துட்டுப் போன நம்பரு. அது என்ன பண்ணுதுன்னு நான் பாக்க வேணாமா?" என்று கேட்டார். சோறு வடித்தபின் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, இரண்டு தடவை தப்பாகப் போட்டு, மூன்றாவது தடவை ஏழு ஒன்றும் வரிசையாக வந்து நின்றபோது, வீட்டுக்காரரை ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். அவர் பச்சைக்கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, வண்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

உடம்பு தேறியதும் என் கணவர் என்னை அழைத்துப்போக வந்தார். தீவுக்கு வெளியே, கரைப்பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இடம் கேட்டு எழுதிப் போட்டிருப்பதாகவும், கிடைக்கும்வரை நான் அப்பா வீட்டில் இருக்கலாம் என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். தீவு வீட்டு ஜன்னல்களுக்குக் கொசு வராமல் கம்பிவலை அடித்துவிட்டாராம். துரையிடம் சண்டை போட்டு வாங்கிய வலையாம். அவர் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

துறையில் நீர் வற்றிக் கிடந்தது. ஏற்றம் வரக் காத்திருந்தோம். சேற்றில் நண்டுகள் ஊர்ந்தன. சீனக் கிழவர் சம்பானுக்குள்ளேயே சோறு தின்று, தட்டை ஆற்றில் கழுவினார். தண்ணீர் மெல்ல ஏறிச் சம்பானின் அடியைத் தொட்டதும் கிழவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

என் கணவர் எழுந்திருக்கவில்லை. "இப்பவும் சொல்றேன், பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிப் போறதுன்னாலும் சரிதான். சாயங்கால வண்டி இருக்கு. உனக்கு எப்படி?"

நான் அக்கரையைப் பார்த்தேன். கரைமேட்டுக்கு அப்பால் பால்மரங்களின் தலை தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. மூட்டையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நானே முதலில் சம்பானில் ஏறினேன்.